கடைசியாகக் கிடைத்த நல்ல எண்

பத்தரைக்குக் கூப்பிடுகிறோம் என்றார்கள், பதினொன்று ஆகப்போகிறது, இன்னும் ஜெனிட்டாவை விடவில்லை. கண்ணாடிக் கதவின் நடுவில் அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்ததால் உள்ளே இருப்பவர்களின் முகம் தெரியவில்லை. மேசைக்குக் கீழே அவளுடைய செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன. வலது கால் இடது காலை மிதித்துக்கொண்டிருந்தது. அழுகிறாளா, விளக்குகிறாளா, சண்டை போடுகிறாளா, காலைப் பார்த்து என்ன சொல்ல முடியும். சண்டை போடட்டும் என்று தில்லைநாயகம் நினைத்தான், உடனேயே எதை வைத்துக்கொண்டு சண்டை போடுவாள், அவள் கையில் என்ன இருக்கிறது, இருப்பதெல்லாம் என்னிடம்தானே என்றும் நினைத்தான். இருபத்தாறு வயதுப் பெண். நேற்று கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது முன் இருக்கையில் உட்கார்ந்து, மதுரை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மதுரையில் மட்டும் திரும்பி, ‘சார், நான் என்ன தப்பு பண்ணேன்னே எனக்குப் புரியல சார்’ என்றாள். அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். என்ன ஒரு பதில்! கேள்விக்குத் தண்ணீர். நாற்பத்தோரு வயதில், பதினேழு வருஷ சர்வீஸில், ஒரு சின்னப் பெண்ணுக்குச் சொல்ல அவனிடம் இருந்தது அரை லிட்டர் தண்ணீர். இப்போது அவள் உள்ளே இருக்கிறாள், அவன் இந்தத் தூத்துக்குடி இறால் ஆலையின் ஆபீஸ் வராந்தாவில், பிளீச்சிங் பவுடரும் இறால் ஓடும் கலந்த வாடையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், எங்கோ கம்ப்ரஸர் நிற்காமல் உறுமுகிறது, அந்த உறுமல் நாற்காலிக் கால் வழியாக முதுகுக்கு வருகிறது. விசாரணைக்கு வந்திருக்கிற பாதுகாப்பு அதிகாரிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று சொன்னார்கள். தெரியாதவருக்குப் புரியும்படி சொல்லவேண்டும். காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

சார், கம்ப்யூட்டருக்குள்ளே உள்கட்டு ஒண்ணு, வெளிக்கட்டு ஒண்ணு இருக்கு. உள்கட்டுக்குப் பேரு கெர்னல். குளிர் அறையில அம்மோனியா கசியுதான்னு பார்க்கிற சென்ஸாரோட நேரடியாப் பேசுறது அங்க இருக்கிற டிரைவர்ங்கிற புரோகிராம். அது நான் எழுதினது. வெளிக்கட்டுல இருக்கிறது அப்ளிகேஷன், திரையில எண்ணைக் காட்டும், எண் ஏறினா பச்சையைச் சிவப்பாக்கும், சங்கு ஊதும். அது ஜெனிட்டா எழுதினது. வெளிக்கட்டுல இருக்கிறவங்க உள்ளே எட்டிப் பார்க்க முடியாது சார், சட்டமே அப்படி. ஜன்னல்ல வந்து கேட்கணும், நாங்க கொடுக்கிறதை வாங்கிக்கணும். இதுவரைக்கும் பேச்சு வழுக்கிக்கொண்டு வருகிறது. கூடவே நாங்க ஒரு பதிலும் சொல்லுவோம். கேட்டது ஒழுங்காக் கிடைச்சிருந்தா பூஜ்யம், இல்லேன்னா மைனஸ்ல ஒரு எண். மைனஸ் அஞ்சுன்னா சாதனம் பேசலைன்னு அர்த்தம். சரி தம்பி, அன்னைக்குச் சென்ஸார் பேசலையே, நீ என்ன சொன்னே? இங்கேதான் வந்து நிற்கிறது. மூன்று தடவை வேறு வேறு மாதிரி ஆரம்பித்துப் பார்த்துவிட்டான், உள்கட்டு வெளிக்கட்டு என்று, அடுப்படி கூடம் என்று, தபாலாபீஸ் என்றுகூட. எந்த வழியில் போனாலும் அந்த அதிகாரி இதே கேள்வியைத்தான் கேட்கிறார். மார்ச் மாதம் இந்த எச்சரிக்கைப் பெட்டியை ஆலையில் மாட்டியபோது சென்ஸார் வாயில் பனி படிந்தது, படிந்தால் ஒரு நொடி, இரண்டு நொடி பேசாது, டிரைவர் உடனே மைனஸ் ஐந்து என்று உண்மையைச் சொல்லும், ஜெனிட்டாவின் திரை சிவக்கும், சங்கு அலறும், பெண்கள் இறாலைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. ஜெனிட்டா போன் செய்துகொண்டே இருந்தாள். ‘சார், ஒண்ணுமே கசியல, ஆனா ஊதுது. சங்கு வாயில துணியைச் சுத்தி வச்சிட்டாங்களாம். நீங்கதான் சார் ஏதாவது பண்ணணும்.’ பண்ணினான். சென்ஸார் பேசவில்லை என்றால் கடைசியாகக் கிடைத்த நல்ல எண்ணையே திரும்பக் கொடு, பூஜ்யம் சொல். இது ஒன்றும் பாவமில்லை, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், ஒரு நொடி இரண்டு நொடிக்குச் செய்யலாம். மூன்று தடவை பொறுத்துப் பார், நான்காவது தடவை உண்மையைச் சொல்லிவிடு என்று எண்ணிக்கை வைக்கவேண்டும். அதற்கு இன்னும் ஐந்து வரி எழுதவேண்டும். முதலில் இதைப் போட்டுப் பார்ப்போம் என்று போட்டான், சங்கு நின்றது, ஆலையில் எல்லோருக்கும் சந்தோஷம், ஜெனிட்டா ‘நீங்க தெய்வம் சார்’ என்று செய்தி அனுப்பினாள், கோயம்புத்தூர் ஆபீஸில் மேனேஜர் தோளில் தட்டினார், மூன்றரைக்கு வேறு மீட்டிங். அந்த இடத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தான். மூன்று தடவைக்கு மேல் போனால் பிழை என்று சொல்லவேண்டும், பிறகு. பிறகு என்ற வார்த்தையை எழுதியதுகூட அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. பத்தொன்பது நாளைக்கு முன்னால் காலை ஆறு பத்துக்குப் பனியில் ஒயரின் மூட்டு விரிந்து சென்ஸார் செத்துப்போனது. அதிலிருந்து, அம்மோனியா கசிந்து ஒரு பெண்ணின் முகத்தில் அடித்த ஒன்பதரை வரை, அப்ளிகேஷன் நொடிக்கு ஒரு தடவை ஜன்னலில் வந்து கேட்டது, டிரைவர் கடைசி நல்ல எண்ணான நான்கைக் கொடுத்து எல்லாம் சரி என்றது. நான்கு, எல்லாம் சரி. பன்னிரண்டாயிரம் தடவை. செத்தவன் சொன்னதாகப் பன்னிரண்டாயிரம் பொய், குரல் நடுங்காமல், கண் சிமிட்டாமல். இதை எந்த வாயால் சொல்வது.

சொல்லவேண்டியதில்லை என்றுதான் மேனேஜர் சொன்னார். ராத்திரி லாட்ஜுக்கு போன் பண்ணி, ‘பதினாலாம் பக்கத்தைக் காட்டுங்க நாயகம், அது போதும்’ என்றார். டிரைவர் கையேட்டின் பதினாலாம் பக்கத்தில் அவனே எழுதியது இருக்கிறது: எண்ணோடு அது எடுக்கப்பட்ட நேரமும் தரப்படும், அப்ளிகேஷன் அந்த நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். உண்மைதான். நேரம் ஆறு பத்திலேயே நின்றிருந்தது, பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஜெனிட்டா பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை, மாற்றம் வந்த பிறகுதான் அந்த வரியே பதினாலாம் பக்கத்தில் ஏறியது, அவள் அந்தக் கையேட்டை அதற்கு முன்பே படித்து முடித்திருந்தாள். அப்புறம் நாட்குறிப்பு இருக்கிறது. உள்கட்டில் நடப்பதையெல்லாம் வரி வரியாக எழுதி வைக்கிற பதிவு. டிரைவர் அதில் ஒவ்வொரு தடவையும் சென்ஸார் பேசவில்லை, சென்ஸார் பேசவில்லை என்று முறையிட்டுத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதிவுக்கும் ஒரு குணம் உண்டு, ஒரே முறையீடு அடிக்கடி வந்தால் அலுத்துப்போய் எழுதுவதை நிறுத்திவிட்டு, இத்தனை செய்திகள் அடக்கப்பட்டன என்று ஒரே வரியில் முடித்துவிடும். அந்த ஒரு வரியையும் யார் படிக்கிறார்கள்? சுவரில் மாட்டிய பெட்டிக்குள் இருக்கிற பதிவை எந்த மனிதன் பிரித்துப் பார்க்கிறான்? இருந்தாலும் சொன்னேன் அல்லவா, யாரும் கேட்காத இடத்தில் சொல்லிவைத்தேன் அல்லவா. நல்லவன் என்று பெயரெடுத்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு, தில்லைநாயகத்துக்குக் கொஞ்சம் முற்றிய கேஸ். யார் முகமும் வாடக்கூடாது, யாருடைய சங்கும் ஊதக்கூடாது. கடலூர் ஆஸ்பத்திரியில் அப்பா கிடந்தபோது ஒரு புதன்கிழமை டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். கட்டிலுக்குத் திரும்பினான். ‘டாக்டர் என்னடா சொன்னாரு?’ என்றார் அப்பா. ‘ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்னாருப்பா.’ அது போன வாரம் சொன்னது, போன வாரம் அது உண்மையாகத்தான் இருந்தது. ‘அப்ப வீட்டுக்குப் போய் நடேசனுக்குச் சொல்லி அனுப்புவோம். இங்க வச்சு வேணாம், பயந்துடுவான்’ என்றார் அப்பா. தம்பி நடேசனின் கல்யாணத்தில் ஏற்பட்ட கோபம், இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை, அன்றைக்கு அவராக இறங்கி வந்தார். சனிக்கிழமை விடியும்போது போய்விட்டார். நடேசன் வந்து உடம்பைப் பார்த்துவிட்டு, ‘டாக்டர் உன்கிட்ட எப்பண்ணே சொன்னாரு?’ என்று கேட்டான். நேத்துதான் என்றான் இவன். மனைவி வேதவல்லி பக்கத்தில்தான் நின்றாள், புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு ஆறு வருஷமாக அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. கேட்காததே போதும். இன்றைக்காவது சொல்லிவிடவேண்டும். கதவு திறந்ததும் உள்ளே போய், உட்காருவதற்கு முன்னாலேயே, சார், அந்தப் பெண்ணை விடுங்க, அது என்னுடைய வரி என்று சொல்லிவிடவேண்டும். நின்றபடி சொல்லிவிடவேண்டும், உட்கார்ந்தால் பேச்சு மாறிவிடும். சொன்னால் வேலை போகும், கேஸ் வரலாம். சொல்லாவிட்டால் எல்லாம் அவள் தலையில். தண்ணீர் பாட்டிலைத் தேடினான், அது ஜெனிட்டாவிடமே இருந்தது.

வராந்தாவின் கோடியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி முன்னால் நடந்தாள், இன்னொருத்தி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து வைத்து வந்தாள். கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி, அதன் ஓரத்தில் பஞ்சு, கன்னத்தில் தோல் உரிந்து ரோஸாக இருந்தது. யாரென்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. எழுந்து போய்விடலாமா, பாத்ரூம் எங்கே, எழுந்தால் நாற்காலி சத்தம் போடும். கூட வந்தவள் அவளைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்த்தி, ‘சொட்டு மருந்தை வாங்கிட்டு வந்துருதேன், எங்கயும் எந்திரிச்சுப் போயிராத’ என்று சொல்லிவிட்டுப் போனாள். கறுப்புக் கண்ணாடி நேராகச் சுவரைப் பார்த்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ‘பக்கத்துல யாரு இருக்கீங்க?’ கோயம்புத்தூரிலிருந்து மெஷின் விஷயமாக வந்திருப்பதாகச் சொன்னான். ‘அந்தப் பெட்டி செஞ்ச கம்பெனியா சார்?’ ஆமாம் என்றான். திட்டப்போகிறாள், திட்டட்டும், கத்தட்டும், சட்டையைப் பிடிக்கட்டும், பிடித்தால் ஒருவேளை உள்ளே கிடப்பதெல்லாம் தானாக வெளியே வந்துவிடும். அவள் திட்டவில்லை. ‘நான் அருள்மேரி சார். இங்க இறால் உரிக்கிறவ. எனக்குத்தான் கண்ணு போச்சு’ என்றாள், அறிமுகம் செய்துகொள்கிற குரலில். ‘ஒரு கண்ணுல வெளிச்சம் தெரியும்னு டாக்டர் சொல்லுதாவ. பாப்போம். பிள்ளைய முகம் தெரிஞ்சாப் போதும்.’ அவளே பேசினாள், பார்க்க முடியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பேச்சால்தான் பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும் போல. ‘அன்னைக்கு எனக்கு மூக்குல ஏறிச்சு சார். வாடை அடிக்கின்னு சூப்பர்வைசர்ட்ட சொன்னேன். அவரு பெட்டியப் பாத்தாரு. நாலுதான் காட்டுது, பச்சைதான் எரியுது, போய் டிரேயை எடுத்துட்டு வான்னாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல. நானே அப்படித்தான் நெனச்சேன். படிச்சவங்க செஞ்ச பெட்டி, அதுக்குத் தெரியாததா என் மூக்குக்குத் தெரியப்போவுதுன்னு உள்ள போனேன்.’ தில்லைநாயகம் தன் கைகளைப் பார்த்தான். சின்னக் கைகள், எப்போதும் சுத்தமாக இருக்கிற கைகள். இவள் மூக்கு மைனஸ் ஐந்து சொல்லியிருக்கிறது, சரியாக, சத்தமாக. அதை அடக்கியது என் பூஜ்யம். இப்போதே இவளிடம் சொல்லிவிடலாம், அதிகாரி எதற்கு, இவளுக்குத்தானே முதலில் தெரியவேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ‘டிரீட்மென்ட் எல்லாம் நல்லாப் பாக்குறாங்களா?’ என்றான்.

ஆலை ஆபீஸ் குமாஸ்தா ரெக்ஸ் ஒரு தாளோடு வந்தான். ‘அக்கா, நீங்க சொன்னதை டைப் பண்ணியிருக்கு. வாசிச்சுப் பாத்து...’ என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வையுங்கள், உள்ளே கூப்பிடும்போது கொண்டுவரவேண்டும் என்று தாளை அவள் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். ‘சார், கொஞ்சம் வாசிச்சுக் காட்டுதீங்களா? கூட வந்த மைனிக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்.’ வாங்கினான். இவ்வளவுதானே, இதைச் செய்யலாம், இதையாவது நல்லபடியாகச் செய்யலாம் என்று ஒரு ஆறுதல்கூட வந்தது. பெயர், வயது முப்பத்து நான்கு, கணவர் பெயர் ஸ்டெலின், இந்த ஆலையில் ஏழு வருடங்களாகப் பணிபுரிகிறேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். சம்பவத்தன்று காலை ஒன்பதரை மணியளவில் குளிர் அறையின் அருகே அம்மோனியா வாடை வருவதை உணர்ந்தேன். ‘ஆமா’ என்றாள். அடுத்து ஏழாவது வரி. மேற்பார்வையாளர் தடுத்தும் கேளாமல், முகக் கவசம் அணியாமல், என் சொந்தப் பொறுப்பில் உள்ளே சென்றேன். கண் அந்த வரியை முழுசாகப் படித்துவிட்டது, குரல் அதற்கு முன்னாலேயே நின்றிருந்தது. பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்கு இல்லை, பச்சை இல்லை. இப்படி எழுதியிருந்தால் பெட்டியைப் பற்றி எதற்குக் கேட்கப்போகிறார்கள்? பதினாலாம் பக்கம் வேண்டாம், ஜெனிட்டா தப்பிப்பாள், அந்தப் பெண் பாவம், அவளுக்காகவாவது. அவளுக்காகவா? மனசு எவ்வளவு சீக்கிரம் ஒரு நல்ல சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்கிறது. ஒரு ஆளைத் தவிர எல்லோரும் தப்பிக்கிறார்கள், அந்த ஒரு ஆள் காதைச் சாய்த்து அவன் வாயிலிருந்து வருவதற்காகக் காத்திருக்கிறாள், வேறு எந்த வழியிலும் அந்தத் தாளுக்குள் அவளால் எட்டிப்பார்க்க முடியாது. ‘என்ன சார், எழுத்து சரியா விழலையா?’ என்றாள். பொய் சொல்லவேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, அதை மட்டும் சத்தியமாகச் சொல்லலாம். அவள் முகம் மாறுவதைப் பார்க்க முடியாது என்று மட்டும்தான் நினைத்தான். மேற்பார்வையாளரிடம் தெரிவித்தேன், அவர் பெட்டியைப் பார்த்துவிட்டு நான்குதான் காட்டுகிறது, உள்ளே போகலாம் என்றார், அதை நம்பி உள்ளே சென்றேன். அதே குரலில், அதே டைப் அடித்த தமிழில், ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல் வந்தது. தாளில் இல்லாதது, ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவளே சொன்னது. அருள்மேரி பெருமூச்சு விட்டாள். ‘அப்படியே எழுதியிருக்காவ சார். மாத்தி எழுதிருவாவளோன்னு பயந்துட்டே வந்தேன். ஆளுங்களை நம்பாம நாமளே தப்பா நெனச்சிருதோம் பாருங்க’ என்று சொல்லிப் பேனா கேட்டாள். கொடுத்தான். எங்கே போடவேண்டும் என்று கையை நீட்டினாள். அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கோட்டின் ஆரம்பத்தில் வைத்தவன் அவன்தான். விரல் நுனி மருந்தில் ஊறிச் சில்லென்று இருந்தது. எழுத்துகள் கோட்டைவிட்டு மேலே ஏறிப் போயின.

கதவு திறந்தது. ஜெனிட்டா வெளியே வந்தாள், கண் சிவந்திருந்தது, ஆனால் நிமிர்ந்துதான் நடந்தாள். ‘தெரியாது சார்னு சொல்லிட்டேன். எனக்கு வந்த எண்ணைக் காட்டினேன், அது பழசுன்னு எனக்கு யாரும் சொல்லலைன்னு சொல்லிட்டேன்’ என்றாள் அவனிடம், குற்றம்சாட்டுகிற தொனி இல்லாமல். உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தான், நாற்காலி சத்தம் போட்டது, அந்த இடத்தில் ஜெனிட்டா தொப்பென்று உட்கார்ந்தாள். நான்கு எட்டில் கதவு. நின்றபடி சொல்லிவிடவேண்டும், இப்போதும் நேரம் இருக்கிறது, உள்ளே போய் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடவேண்டும், வரியையும் தாளையும். பின்னால் அருள்மேரி பேசுவது கேட்டது. ‘யாரும்மா, பொம்பளப் பிள்ளையா? இந்தக் கையெழுத்து கோட்டு மேலதான் விழுந்திருக்கான்னு கொஞ்சம் பாரு. அந்த சாருதான் வாசிச்சுக் காட்டினாரு, நான் சொன்னபடியே எழுதியிருக்காவளாம்.’ கைப்பிடியில் கை வைத்தவன் திரும்பினான். ஜெனிட்டா தாளை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தாள், பிறகு மேலே போனாள். படிக்கும்போது உதடு அசைகிற பழக்கம் அவளுக்கு. ஆறாவது வரி வரைக்கும் அசைந்தது. நின்றது. திரும்ப ஒரு தடவை அசைந்தது. ‘அக்கா,’ என்றாள், ‘மேற்பார்வையாளர் தடுத்தும் கேளாமல் என் சொந்தப் பொறுப்பில் உள்ளே சென்றேன்னு இதுல இருக்கு. அப்படியா நடந்துச்சு?’ கறுப்புக் கண்ணாடி மெல்லத் திரும்பி, அவனுடைய குரல் எங்கேயிருந்து வந்ததோ அந்த இடத்தைத் தேடியது, ஜெனிட்டாவைத் தாண்டிப் போயிற்று, வராந்தா முழுக்கத் தேடியது. ‘சார், நீங்க வேற மாதிரில்லா வாசிச்சீங்க?’ என்றாள். உள்ளேயிருந்து இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். தில்லைநாயகம் மூச்சுவிடவில்லை. பேசாமல் நின்றால் போய்விட்டதாக நினைத்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தோன்றியது, தோன்றிய அந்த நொடியே தன்னை அவனால் சகிக்க முடியவில்லை, இருந்தும் வாய் திறக்கவில்லை. ‘சார் இருக்காரா, போயிட்டாரா?’ என்று கேட்டாள் அருள்மேரி.

ஜெனிட்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘இருக்காரு அக்கா,’ என்றாள். ‘இங்கதான் நிக்கிறாரு.’